கை மரத்திருந்த பதினேழு மணி நேரம்

குற்றாலம் பேரருவிக்குப் போகும் பாதையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் நிறைய உண்டு. அவர்களில் தளவாயைத் தேடி வருகிற ஆட்கள் தனி. ராஜபாளையம், சிவகாசிப் பக்கமிருந்து சாரல் சீசனுக்கு வருஷம் தவறாமல் வருகிறவர்கள் வேனை விட்டு இறங்கியதுமே, "தளவாய் அண்ணாச்சி இன்னைக்கு உண்டா?" என்று கேட்பார்கள். உட்காரவைத்து உச்சந்தலையில் எண்ணெயை வைத்தாரென்றால், பிடரி, தோள், முதுகுத்தண்டின் இரண்டு பக்கம் என்று அவருடைய பெருவிரல்கள் இறங்கி வரும் பதத்தில் ஆட்கள் உட்கார்ந்தபடியே கண் சொக்கிப்போவார்கள். எங்கே பிடித்திருக்கிறது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. விரல் தானாகப் போய் அங்கே நிற்கும்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் நிற்காது. இடது தொடைக்கு வரும்போது தளவாய் முகத்தைத் திருப்பிக்கொள்வார். மேலோட்டமாக இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு முழங்காலுக்குப் போய்விடுவார். "தொடையில நல்லா அழுத்துங்க அண்ணாச்சி" என்று யாராவது கேட்டால், "அங்கன அழுத்தக் கூடாது, நரம்பு ஓடுது" என்பார். அப்படி ஒன்றும் கிடையாது என்று உடன் தொழில் பார்க்கிறவர்களுக்குத் தெரியும். ஆனால் ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

அவருடைய அண்ணன் இசக்கிதுரை செங்கோட்டையில் ஒரு மரமில்லில் வேலை பார்த்தார். 1998 கார்த்திகையில் லாரியிலிருந்து மரத்தடி இறக்கும்போது ஒன்று உருண்டு அவருடைய இடது தொடையில் விழுந்தது. எலும்பு இரண்டாகிவிட்டது. அவசரத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சின்னத் தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கம்பி வைத்து ஆபரேஷனும் நடந்தது. இன்று அந்த ஆஸ்பத்திரியும் இல்லை, அதை நடத்தியவரும் இல்லை. கட்டடத்தில் ஜவுளிக்கடை இருக்கிறது.

ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளிந்ததிலிருந்து இசக்கிதுரை கத்தினார். காலையில் ஒரு ஊசி, ராத்திரி ஒரு ஊசி. அந்த ஊசி இரண்டு மணி நேரம் தாங்கும். அதற்கப்புறம் அடுத்த ஊசிவரை கத்தல்தான். நர்ஸிடம் போய்க் கேட்டால், "சும்மா சும்மா போட்டா பழகிரும். ஆம்பளதானே, பொறுத்துக்கிடச் சொல்லுங்க" என்றாள். இசக்கிதுரையின் மனைவி மாரித்தாய் அப்போது கைக்குழந்தைக்காரி. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தாள். தளவாய்க்கு இருபத்தாறு வயது. தொழிலுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

மூன்றாம் நாள் முற்பகல், பதினோரு மணி இருக்கும். கத்திக் கத்திக் குரல் கம்மிப்போய்க் கிடந்த அண்ணன் அவரைக் கூப்பிட்டார்.

"ஏலே தளவாய். ஊருக்கெல்லாம் பிடிச்சு விடுதியே. இந்தக் காலக் கொஞ்சம் பிடிலே."

தளவாய் கட்டுக்கு மேலே, தொடையின் மேல் பக்கம், பூப்போலத்தான் கையை வைத்தார். இசக்கிதுரை போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். தளவாய் கையை எடுத்துவிட்டார். "டீ வாங்கிட்டு வாரேன்ணே" என்றார். தூக்குவாளிகூட எடுக்காமல் வெளியே போனார்.

எதிர்த்த டீக்கடையில் உட்கார்ந்தார். அங்கேயும் கேட்டது. எழுந்து அடுத்த தெருவுக்குப் போய் ஒரு சைக்கிள் கடை வாசலில் நின்றார். ஒன்றரை மணி நேரம். திரும்பி வந்தபோது ஆஸ்பத்திரி வாசலிலேயே தெரிந்தது, சத்தம் இல்லை. 'அப்பாடா, தூங்கிட்டான்' என்று நினைத்தார். அந்த ஒரு நிமிஷம் அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. மாடிப்படி ஏறும்போதுதான் மாரித்தாயின் அழுகை கேட்டது.

ரத்தம் கட்டி நுரையீரலுக்குப் போய்விட்டது என்றார்கள்.

அதற்கப்புறம் அந்தக் குரல் தளவாயை விடவில்லை. நினைவு என்று அதைச் சொல்ல முடியாது. முதுகுக்குப் பின்னால் நின்று ஒரு ஆள் கூப்பிடுகிற மாதிரியே இருக்கும். ஏலே தளவாய். கம்மிய, கரகரத்த குரல். தேய்த்துக்கொண்டிருக்கும்போது வரும். சோற்றில் கை வைக்கும்போது வரும். கல்யாண வீட்டுப் பந்தியில் ஒரு தடவை வந்து, "என்னண்ணே?" என்று அவர் வாய்விட்டுக் கேட்டு, பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தன் மனைவி ஆவுடைத்தாயிடம்கூட அவர் இதைச் சொன்னதில்லை. தான் அடுத்த தெருவில் நின்ற கதையை யாரிடமும் சொன்னதில்லை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் சுரண்டையில் மதினி வீட்டுக்குப் போய், துணிமணியை வாசலில் நின்றபடியே கொடுத்துவிட்டு, "பஸ்ஸுக்கு நேரமாச்சு மதினி" என்று திரும்பிவிடுவார். இருபத்தாறு வருஷத்தில் அந்த வீட்டில் அவர் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை.

அவருடைய வலது தோளில் வலி ஆரம்பித்தது போன சாரலில். முதலில் கையைத் தூக்கும்போது மட்டும் சுண்டியது. பிறகு சட்டைக்குள் கையை நுழைக்க முடியவில்லை. எட்டு மாதம் மறைத்தார். இடது கையால் அழுத்தி வலது கையால் தேய்ப்பதுபோல் பாவனை செய்தார். ஒருநாள் ஆவுடைத்தாய், குளித்துவிட்டு வந்தவர் துண்டைத் தோளில் போட முடியாமல் சுவரில் சாய்ந்து நிற்பதைப் பார்த்துவிட்டாள். திருநெல்வேலிக்கு இழுத்துப்போய் ஸ்கேன் எடுத்தாள். தோளுக்குள் ஜவ்வு கிழிந்திருக்கிறது, தைக்காவிட்டால் கை தூக்கவே வராது என்றார்கள். தென்காசியில் ஒரு மருத்துவமனையில் ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள்.

குறித்த நாளில் காலையில் பையோடு இரண்டு பேரும் போனார்கள். சேர்க்கைச் சீட்டு எழுதிக்கொண்டிருக்கும்போது, "பாத்ரூம் போயிட்டு வாரேன்" என்று எழுந்த தளவாய் அப்படியே வெளியே வந்து பஸ் ஏறிவிட்டார். இலஞ்சியில் இறங்கினார். வயல் வரப்பில் தென்னை நிழலில் மத்தியானம்வரை உட்கார்ந்திருந்தார். போன் அடித்துக்கொண்டே இருந்தது. 'டீ வாங்கிட்டு வாரேன்' என்று சொல்லிவிட்டுப் போனவனும், 'பாத்ரூம் போயிட்டு வாரேன்' என்று சொல்லிவிட்டு வந்தவனும் ஒரே ஆள்தானே என்று தோன்றியது. வெட்கமாக இருந்தது. ஆனால் எழுந்து திரும்பிப் போகக் கால் வரவில்லை.

மூன்று மணிக்குப் புதிய எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்தார்.

"தளவாய் அண்ணாச்சியா? நான் டாக்டர் சஃப்ரின். மயக்க டாக்டர். ஆபரேஷன் செய்யப்போறது வேற சார். நீங்க கத்தாம, நோகாம இருக்கணும்னா அதுக்கு நான்தான் பொறுப்பு. நாளைக்கு வாங்க. அட்மிஷன் வேண்டாம். சும்மா பேசிட்டுப் போங்க."

மறுநாள் போனார். சஃப்ரினுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். கடையநல்லூர்ப் பெண். எதிரே இருந்த நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"எதுக்கு அண்ணாச்சி பயப்படுதீங்க? ஆபரேஷனுக்கா, மயக்கத்துக்கா, அதுக்குப் பின்னால வார வலிக்கா?"

இப்படி மூன்றாகப் பிரித்து அவரிடம் யாரும் கேட்டதில்லை. "பின்னால வாரதுக்கு" என்றார் தளவாய். பிறகு தன்னையறியாமல் அண்ணன் கதையைச் சொன்னார். காலையில் ஒரு ஊசி, ராத்திரி ஒரு ஊசி என்றதையும், பழகிரும் என்று நர்ஸ் சொன்னதையும் சொன்னார். டீக்கடைக்குப் போனதை மட்டும் சொல்லவில்லை.

சஃப்ரின் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மணிக்கணக்கு எழுதினார்.

"ஒரே மருந்த நம்பி உங்கள விடமாட்டேன். ஆபரேஷனுக்கு முன்னாடியே மாத்திரை ஆரம்பிச்சிருவேன். வலி வந்த பொறவு தேடிப் போறது கிடையாது. கழுத்துப் பக்கம் ஸ்கேன்ல நரம்பப் பாத்துக்கிட்டே மரத்துப்போற ஊசி. அதுக்கு மேல மயக்கம். முழிச்ச பொறவு தோளுக்கு ஐஸ் பை. சாய்ஞ்ச மாதிரி படுக்கை. வலி இருந்தாலும் இல்லாட்டாலும் மணிக்கு மணி மாத்திரை, ரெண்டு விதமா. இது எல்லாத்தையும் மீறி வந்தா, கடுமையான மருந்து ஒண்ணு கொஞ்சமா கைவசம் வச்சிருப்பேன். ஒவ்வொண்ணும் கொஞ்சம் கொஞ்சம் தாங்கும். அதனால எதையும் அளவுக்கு மிஞ்சிக் கொடுக்க வேண்டியதில்ல."

"அப்ப வலியே வராதா?"

"வரும். பொய் சொல்லமாட்டேன். மரத்தது தெளியும்போது ஒரு முட்டு முட்டும். அதுக்கு முந்தியே மாத்திரை உள்ள போயிருக்கணும். உங்களுக்கு ஒரே வேலைதான். பூஜ்யத்துலருந்து பத்துக்குள்ள எவ்வளவு வலின்னு கேப்பாங்க. உள்ளதச் சொல்லணும். ஆம்பளத்தனம் காட்டக் கூடாது." பிறகு சொன்னார்: "ஊசி போட்ட பொறவு அந்தப் பக்கத்துக் கண் இமை கொஞ்சம் தொங்கும். தொண்டை கம்மும். மூச்சு லேசா அடைக்கிற மாதிரி இருக்கும். எல்லாம் தெளிஞ்சிரும். பயப்படாதீங்க."

அடுத்த வாரம் புதன்கிழமை ஆபரேஷன் நடந்தது. மதியம் இரண்டரை மணிக்குக் கழுத்தில் ஊசி போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் வலது கை உருகி எங்கோ ஓடிவிட்டதுபோல் இருந்தது. பிறகு மயக்கம்.

விழித்தபோது மாலை வெயில் ஜன்னலில் சாய்ந்திருந்தது. வலி இல்லை. முதலில் அவர் அதை நம்பவில்லை. எங்கேயோ ஒளிந்திருந்து மேலே விழப்போகிறது என்று உடம்பை இறுக்கிக்கொண்டு காத்திருந்தார். வரவில்லை. மெதுவாக இடது கையை நீட்டி, கழுத்தில் கட்டிய தூளியில் கிடந்த வலது கையைத் தொட்டார். யாரோ ஒருவருடைய கை. சூடாக இருந்தது, கனமாக இருந்தது. பெருவிரல் மேட்டில் எண்ணெய்த் தொழிலின் காய்ப்பு இருந்தது. எத்தனையோ ஆயிரம் பேருடைய கையைப் பிடித்தவருக்கு, இந்தக் கை இறந்துபோன ஆளுடையது என்று தோன்றியது. விரலால் அழுத்திப் பார்த்தார். மறுபக்கத்திலிருந்து ஒரு பதிலும் இல்லை.

தொண்டை வறண்டிருந்தது. "ஆவுடத்தாயி, தண்ணி" என்றார்.

சொன்னதும் உறைந்துபோனார். அந்த அறையில் பேசியது அவர் இல்லை. கம்மிய, கரகரத்த குரல். அண்ணனுடைய குரல். இருபத்தாறு வருஷமாக முதுகுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டிருந்தது, இப்போது அவர் தொண்டையிலிருந்தே வந்தது.

"என்னங்க, இப்படிப் பாக்கீங்க? டாக்டரம்மாதான் சொன்னாவளே, தொண்டை கம்மும்னு" என்றாள் ஆவுடைத்தாய்.

ஆமாம், சொன்னார்கள். தளவாய்க்கும் நினைவிருந்தது. அறிவுக்கு எல்லாம் தெரிந்தது. ஆனாலும் அவர் அதற்கப்புறம் வாயைத் திறக்கவில்லை. தண்ணீருக்குக் கையைக் காட்டினார். நர்ஸ் ஜெயபிரியா வந்து வலி எவ்வளவு என்று கேட்டபோது விரலைச் சுருட்டிப் பூஜ்யம் காட்டினார். தாளில் எழுதியிருந்தபடி மாத்திரைகள் வந்தன. ஐஸ் பை வந்தது. எதிர்ச்சுவரில் இருந்த கண்ணாடியில் வலது இமை பாதி மூடிய முகம் ஒன்று அவரைப் பார்த்தது. அதையும் பார்க்காமல் திரும்பிக்கொண்டார். தூங்கினார், விழித்தார், மறுபடியும் தூங்கினார்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு, சுரண்டையிலிருந்து வருகிற பஸ்ஸில் மாரித்தாய் வந்து இறங்கினாள். ஆவுடைத்தாய்தான் போனில் சொல்லியிருக்கிறாள். மாரித்தாய்க்கு ஐம்பத்தாறு வயது. சுரண்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள். மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருக்கிறாள். அறைக்குள் வந்தவள் கட்டிலின் காலடியில் நின்று கொழுந்தனைப் பார்த்தாள். இந்த மாதிரி ஒரு அறைக்குள் அன்றைக்குப் பிறகு அவள் வந்ததே இல்லை என்பது அவள் சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்திருந்ததிலேயே தெரிந்தது.

"நீ போயி ஒரு வாய் காப்பி குடிச்சிட்டு வா" என்று ஆவுடைத்தாயை அனுப்பிவிட்டு, ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

ஏழரை மணிக்கு விரல் நுனியில் எறும்பு ஊர்ந்தது. கை திரும்பி வந்துகொண்டிருந்தது. ஆறு மணிக்கே மாத்திரை கொடுத்துவிட்டார்கள். ஆனாலும் தோளின் ஆழத்திலிருந்து ஒன்று எழுந்து, சுவரில் தலையை முட்டுவதுபோல் முட்ட ஆரம்பித்தது. தளவாய் கண்ணை மூடிக்கொண்டார்.

ஜெயபிரியா வந்தாள். "அண்ணாச்சி, இப்ப எவ்வளவு?"

"நாலு" என்றார். குரல் தெளிந்திருந்தது, அவருடைய சொந்தக் குரல்தான்.

"நாலுன்னா சரி, அடுத்த மாத்திரைக்கு இன்னும்..."

"பொய் சொல்லுதான்" என்றாள் மாரித்தாய்.

நர்ஸ் திரும்பிப் பார்த்தாள்.

"எனக்கு இந்த முகம் தெரியும்மா. மூணு நாள் பாத்திருக்கேன். பல்லக் கடிச்சிருக்கான், பாரு. காதுக்குக் கீழ துடிக்குது. நாலு இல்ல. ஏழோ எட்டோ." பிறகு தளவாயைப் பார்த்து, "சொல்லுலே" என்றாள். அவள் அவரை லே போட்டுப் பேசியதே இல்லை.

"எட்டு" என்றார் தளவாய்.

ஜெயபிரியா போனில் டாக்டரிடம் பேசினாள். கைவசம் வைத்திருந்த மருந்தைக் கொஞ்சமாகக் குழாயில் ஏற்றினாள். புது ஐஸ் பை வைத்தாள். தலையணையை முழங்கைக்குக் கீழே தள்ளித் தோளின் பாரத்தை எடுத்துவிட்டாள். மூச்சை மெதுவாக இழுத்து விடச் சொன்னாள். "பத்து நிமிஷத்துல வந்து பாக்கேன்" என்று போனாள், சொன்னபடி வந்தாள். ஆறு என்றார். மறுபடி வந்தாள். நாலு. எட்டேகாலுக்கு மூன்று ஆகியிருந்தது. மூன்றில் மனிதன் காப்பி குடிக்கலாம், பேசலாம்.

அப்போதுதான் தளவாய் அழுதார். வலியில் அழவில்லை. வலி இறங்கியதைப் பார்த்து அழுதார்.

"இவ்வளவுதானா மதினி?" என்றார். "இவ்வளவுதானா?"

மாரித்தாய்க்கு அவர் என்ன சொல்கிறார் என்று புரிந்தது.

"மதினி, அன்னைக்கு நான் டீ வாங்கப் போவல."

"தெரியும்."

"அந்தச் சத்தத்தக் கேக்க முடியாம ஓடிட்டேன். டீக்கடையிலயும் கேட்டுது. அடுத்த தெருவுக்குப் போயி நின்னேன்."

"தெரியும் தளவாய். மாடி ஜன்னல்லருந்து பாத்தேன். டீக்கடையில உக்காந்தத, எந்திரிச்சி வடக்கப் போனத, எல்லாத்தையும் பாத்தேன்."

அறைக்கு வெளியே யாரோ தள்ளுவண்டியை உருட்டிப் போனார்கள்.

"நீ போன பொறவும் உங்கண்ணன் உன் பேரச் சொல்லிக் கூப்பிட்டாவ" என்றாள் மாரித்தாய். "அரைமணிக்கூறு கூப்பிட்டிருப்பாவ. வந்துருவான், வந்துருவான்னு நான் சொல்லிக்கிட்டே இருந்தேன். பொறவு கூப்பிடல."

தளவாய் இத்தனை வருஷமாகப் பயந்துகொண்டிருந்தது இந்த வாக்கியத்துக்குத்தான். அது வந்துவிட்டது. ஆறுதலாக எதையும் அவள் அதோடு சேர்க்கவில்லை.

"ஏன் மதினி ஒரு வார்த்தகூடக் கேக்கல?"

"என்னத்தக் கேக்க? என் கையில பிள்ளை இல்லாம இருந்திருந்தா நானும் ஓடியிருப்பேன். அத உன்கிட்ட சொல்லவும் எனக்கு மனசு வரல. வருஷா வருஷம் வாசல்ல வந்து நின்னுட்டுப் போவ. நிக்கட்டும்னு விட்டுட்டேன்." முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "நேத்து ஆவுடத்தா போன் பண்ணினப்ப வரவேண்டாம்னுதான் இருந்தேன். காலையில பஸ் ஏறிட்டேன்."

ஆவுடைத்தாய் இட்லிப் பொட்டலத்தோடு வந்தாள். மாரித்தாய் எழுந்து, "பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு" என்று கிளம்பிப் போனாள்.

தளவாய் மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தார். சாய்வு நாற்காலியில் தூங்கினார். மாத்திரைகளை ஒவ்வொன்றாகக் குறைத்தார்கள். கடுமையான மருந்து அதற்கப்புறம் ஒரே ஒரு தடவைதான் தேவைப்பட்டது. குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. முன்பைவிட மோசமாக. முன்பு ஒரு தடவை கூப்பிட்டு நின்றுவிடும். இப்போது விட்டுவிட்டு அரைமணி நேரம் கூப்பிட்டது. மதினி சொன்ன கணக்கு அதற்கும் தெரிந்துவிட்டது போலிருந்தது.

தையல் பிரிக்கப் போன அன்று சஃப்ரினைத் தேடிப் போய்ப் பார்த்தார். ஒரே ஒரு கேள்விதான் வைத்திருந்தார்.

"டாக்டரம்மா, எனக்குச் செஞ்சீங்களே, இதெல்லாம் எங்கண்ணன் காலத்துல உண்டா?"

சஃப்ரின், தளவாய் என்ன பதிலை எதிர்பார்த்து வந்திருக்கிறார் என்று பார்ப்பதுபோல் முகத்தைப் பார்த்தார்.

"உண்மையச் சொல்லவா அண்ணாச்சி?"

"அதுக்குத்தான் வந்தேன்."

"ஸ்கேன் வச்சு ஊசி போடுதது அப்ப இங்க கிடையாது. மார்ஃபின் மாதிரி மருந்து சின்ன ஆஸ்பத்திரியில வைக்கிறது கஷ்டம், லைசென்ஸ் கெடுபிடி. ஆனா பாதி இருந்துச்சு. மாத்திரை இருந்துச்சு. ஆறு மணி நேரத்துக்கு ஒரு தரம் போடுத ஊசி இருந்துச்சு. தொடை எலும்புக்கு இடுப்புப் பக்கம் மரத்துப்போக ஊசி, ஸ்கேன் இல்லாமலே போடத் தெரிஞ்சவங்க இருந்தாங்க. ஐஸ் இருந்துச்சு. எல்லாத்தையும் சேத்துக் கொடுத்திருந்தா இப்படிக் கத்தியிருக்க மாட்டாங்க."

"அதுனாலதான் செத்தானா?"

"அத என்னால சொல்ல முடியாது. வலியில கிடக்கிற ஆள் அசையமாட்டான், மூச்ச ஆழமா இழுக்கமாட்டான். ரத்தம் கட்ட அதுவும் ஒரு காரணமா இருந்திருக்கலாம். தொடை எலும்பு ஒடிஞ்சா, வலியே இல்லாதவங்களுக்கும் அப்படி வாரது உண்டு. தெரியல அண்ணாச்சி."

தெரியல என்று ஒரு டாக்டர் சொல்லி அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார்.

குற்றாலம் பஸ் நின்றுகொண்டிருந்தது. அதில் ஏறவில்லை. கொஞ்சம் தள்ளிச் சுரண்டை பஸ் நின்றது. தூளியில் தொங்கிய கையை மார்போடு அணைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். ஒவ்வொரு குழியிலும் பஸ் குலுங்கியபோது தோள் முனகியது. மூன்று, என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார். ஒரு இடத்தில் ஐந்து.

சனிக்கிழமை. பள்ளிக்கூடம் கிடையாது. மாரித்தாய் வீட்டுக்குள் தரையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தளவாய் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். நாற்காலியில் கிடந்த துணியை எடுத்து அவருக்கு இடம் செய்தாள்.

டாக்டர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். பாதி இருந்தது என்றதையும், தெரியல என்றதையும் சொன்னார். மாரித்தாய் வெங்காயத்தை உரித்துக்கொண்டே கேட்டாள். கை நிற்கவில்லை. கடைசியில் ஒரு வெங்காயத்தை உரித்து முடித்து அப்படியே உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"பாதி இருந்துச்சா?"

"இருந்துச்சாம்."

"கேட்டிருக்கணும் என்ன? சத்தம்போட்டுக் கேட்டிருக்கணும்."

"நான்தான் கேட்டிருக்கணும் மதினி. ஓடுன நேரத்துல அந்த டாக்டர் ரூமுக்குப் போயிருக்கலாம்."

"போயிருக்கலாம்" என்றாள் அவள். இல்லை, பரவாயில்லை என்றெல்லாம் சொல்லவில்லை. தளவாய்க்கு அது ஒருவிதத்தில் நன்றாக இருந்தது. இத்தனை வருஷம் ஒற்றை ஆளாகத் தூக்கிக்கொண்டிருந்ததை இன்னொரு ஆள், கனம் குறைத்துச் சொல்லாமல், ஒரு பக்கம் பிடித்தது போலிருந்தது.

அதற்கப்புறம் அவர் சனிக்கிழமைகளில் சுரண்டைக்குப் போகிறார். இசக்கிதுரையைப் பற்றிப் பேசுகிறார்கள், சில நாள் பேசாமலும் இருக்கிறார்கள். தோள் முக்கால்வாசி தேறிவிட்டது. சுவரில் விரல்களை ஏணிபோல் ஏற்றுகிற பயிற்சியில் தலைக்கு மேல் நாலு விரற்கடை எட்டியிருக்கிறது. முன்புபோல் அழுத்தித் தேய்க்க இனி முடியாது என்றுவிட்டார்கள். தலைக்கு மட்டும் தேய்க்கிறார். அண்ணனின் குரல் நிற்கவில்லை. நிற்கும் என்று அவர் எதிர்பார்க்கவும் இல்லை. மாரித்தாய்க்கும் அது கேட்பது உண்டாம். ஒரு சனிக்கிழமை, குழம்பு கொதிக்கிற சத்தத்துக்கு நடுவே, யாரோ கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல அவள் அதைச் சொன்னாள். எந்த நேரத்தில் வரும் என்று தளவாய் கேட்டார். அவள் அடுப்பைக் குறைத்துவிட்டு, யோசித்து, "பகல் பதினோரு மணிவாக்குல" என்றாள்.